ஊத்துப்புல்லுக்கு ஒரு கிடா

ஜூன் 29, ஞாயிறு

டாக்டர் சொன்னதால் எழுதுகிறேன். "கோபம் வந்தா கத்தாதீங்க, எழுதி வைங்க" என்றார் வத்தலக்குண்டு டாக்டர். பத்தாம் வகுப்பில் தமிழில் மட்டும் தேறியவனிடம் இதைச் சொன்னால் தமிழுக்கு என்ன ஆகும் என்று அவர் யோசிக்கவில்லை. உரக்கடைக்காரர் கொடுத்த டைரி சும்மா கிடந்தது. ஜனவரியிலிருந்து பக்கமெல்லாம் காலி. அத்தனை மாதமும் இந்தக் குழந்தைவேல் கோபமே படவில்லை என்று யாராவது நினைத்தால் நினைத்துக்கொள்ளட்டும்.

இன்றைய கோபம், திருப்பூர்ப் பார்ட்டி. ஊத்துப்புல் நடுவில் ஜீப்பை நிறுத்தச் சொல்லி, பாட்டுப் போட்டு ஆடி, பிரியாணித் தட்டுகளை அங்கேயே வீசிவிட்டு, "என்னண்ணே, இவ்ளோ நல்ல எடத்த இப்பிடிக் குப்பையா வெச்சிருக்கீங்க" என்று என்னிடமே கேட்டார்கள். கத்தவில்லை. எழுதிவிட்டேன். பிரஷர் இறங்கியதா தெரியவில்லை, பேனாவில் மை இறங்கியது.

ஜூலை 2, புதன்

சவாரி இல்லை. டைரிக்கு எங்கள் ஊர் தெரியாதே என்று தோன்றியது, அதைச் சொல்லிவிடுகிறேன்.

கொடைக்கானலுக்கும் மேலே, பஸ் திரும்பிப் போகிற கடைசி ஊர் தாழங்கானல். பூண்டு, கேரட், உருளைக்கிழங்கு, அதற்கப்புறம் ஜீப். ஊருக்கு மேலே குழிந்த தட்டுபோல ஒரு ஈரப் புல்வெளி. அதுதான் ஊத்துப்புல். பெய்கிற மழையை எல்லாம் குடித்துவிட்டு, வருஷம் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே கசியவிடும். எங்கள் குழாய்த் தண்ணீரும் அதுதான், பூண்டுக் காட்டுத் தண்ணீரும் அதுதான்.

ஆடி முதல் வெள்ளிக்கிழமை ஊத்துப்புல் வழியில் புல்லால் திரித்த கயிறு ஒன்றைக் குறுக்கே கட்டுவோம். புரட்டாசி முடிந்துதான் அவிழ்ப்போம். அதுவரை மாடு, மனுஷன், ஆடு, ஆபீசர் யாரும் கால் வைக்கக்கூடாது. மழை மாசத்தில் புல் பஞ்சுபோல இருக்கும், மிதித்தால் செத்துப்போகும். மீறினால் ஊருக்கு ஒரு கிடா.

ஜீப்புக்காரர்கள் நாங்களும் கயிற்றை ஒருநாளும் மீறியதில்லை. ரொம்பப் பெருமையாகச் சொல்லிக்கொள்வோம். உண்மையில் அந்த மழையில் முன்னெல்லாம் எவனும் வரமாட்டான். விருந்தாளி வராத வீட்டில் விரதம் இருப்பது சுலபம்.

இப்போது மழையும் மூட்டமும்தான் ஃபேஷனாம். மழையில் நனைந்து போட்டோ எடுக்கக் காசு கொடுத்து வருகிறார்கள். எங்கள் அப்பா இலவசமாக நனைந்தார், ஒரு போட்டோ இல்லை.

ஜூலை 5, சனி

மகள் நித்யகலா மதுரையில் சுற்றுலா பற்றிப் பட்டப்படிப்பு முடித்துவிட்டு வந்திருக்கிறாள். டூர் போவதற்கு எதற்குடா மூன்று வருஷப் படிப்பு என்று சேர்க்கும்போதே கேட்டேன். இன்று அதற்குப் பதில் கிடைத்தது.

"அப்பா, ஜீப்பக் கீழ் ரோட்டுலயே நிறுத்திரணும். அங்கிருந்து நடை. ஊத்துப்புல்லுக்குள்ள போகாம ஓரப் பாதையில கூட்டிட்டுப் போறது. ஒரு தடவைக்குப் பன்னெண்டு பேரு. தங்குறது நம்ம வீடுகள்ல, சாப்பாடு நம்ம வீட்டுப் பூண்டுக் குழம்பு."

"ஜீப்ப நிறுத்திட்டு நான் என்னம்மா பண்றது? பூண்டு உரிக்கிறதா?"

"உரிங்க. உக்காந்த எடத்துலயே செய்யிற வேலதான."

பெற்ற வயிறு சிரித்தது. வீரலட்சுமியைச் சொல்கிறேன். பெற்றவன் வயிறு ஸ்டியரிங்கில் இடிக்கிறது என்பதற்காக இவ்வளவு தூரம் பேசக்கூடாது.

ஜூலை 13, ஞாயிறு

ஊர்க்கூட்டம். ஊத்துப்புல்லுக்கு அந்தப் பக்கம் நிலம் வாங்கியிருக்கும் முகில்மேடு எக்கோ கேம்ப்பின் மேனேஜர் நிரஞ்சன் சார் வந்தார். முப்பது வயதிருக்கும். உடுப்பு பச்சை, கார் பச்சை, கையில் மூங்கில் பாட்டில். 'சஸ்டெயினபிள்' என்று அவர் சொல்லும்போதெல்லாம் பல்வலி வந்தவள்போல நித்யா கண்ணை மூடிக்கொண்டாள்.

விஷயம் இதுதான். அவருக்கு ஆடி, ஆவணியில்தான் கூட்டம். விருந்தாளிகள் ஊத்துப்புல் வழியாகத்தான் அவர் இடத்துக்குப் போக வேண்டும். ஆகஸ்ட் பதினைந்தை ஒட்டிய விடுமுறைக்குப் புல்லிலேயே கூடாரம் போடவும் ஆசை. குறுக்கே எங்கள் கயிறு.

"கயித்த மீறினா என்ன தண்டனைங்க?" என்று பணிவாகத்தான் கேட்டார்.

"ஒரு கிடா" என்றார் ஊர்த்தலைவர் சடையாண்டி அண்ணன்.

"ஒரே ஒரு கிடாவா?"

"ஆமா."

"அப்ப இப்பவே கொடுத்துடறோமே. அட்வான்ஸா."

திருடன் முதலில் ஜெயிலில் போய் இருந்துவிட்டு, பிறகு வந்து திருடிக்கொள்கிறேன் என்பதைப்போன்ற பேச்சு இது. வீட்டுக்கு வந்த பிறகுதான் எனக்கு இப்படித் தோன்றியது. கூட்டத்தில் எனக்குத் தோன்றியது நெஞ்செலும்பு.

நித்யாதான் எழுந்தாள். "பெரியப்பா, அது அபராதம். வாடக இல்ல."

என் மச்சினன் ஜெயக்கொடி, அவனும் ஜீப்புக்காரன், குரல் கொடுத்தான். "மருமகளே, நீ படிச்சதே டூரிசம். டூரிஸ்ட்டு வேணாங்கிறியே, இது என்ன படிப்பு?"

"டூரிஸ்ட்டு வேணும் மாமா. அவங்க வந்து போனப்புறம் குடிக்கத் தண்ணியும் வேணும்."

"உங்கப்பாகிட்டச் சொல்லு. ஊத்துப்புல்லுல மொத மொத டயர் வெச்சது யாரு? அவரு போட்ட தடத்துலதான் நாங்கல்லாம் பின்னால போனோம்."

பேச்சு எங்கேயோ போய்விட்டது. எனக்கு மாத்திரை நேரம், எழுந்து வந்துவிட்டேன். கிடாவுக்குச் சம்மதம் என்று முடிவானதைப் பிறகு கேள்விப்பட்டேன்.

ஜூலை 18, வெள்ளி

கயிறு கட்டினோம். எப்போதும்போல மஞ்சள், வேப்பிலை, கும்பிடு. ஜெயக்கொடி என் பக்கத்தில் நின்று, "நல்லா உசரத் தூக்கிக் கட்டச் சொல்லுங்க மாமா, வண்டி மேற்கூரை தட்டாம இருக்கும்" என்றான். சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

ஜூலை 20, ஞாயிறு

கிடா வந்தது. முழுக் கிடாவாக வரவில்லை. பாலித்தீன் பைகளில், வீட்டுக்கு ஒரு கூறு, கம்பெனி வேனில் வந்தது. பை மேல் பச்சை இலைப் படம் ஒட்டியிருந்தது.

எனக்குக் கோபம். கோபத்தோடுதான் சாப்பிட்டேன். நித்யா தொடவில்லை. அவள் பங்கு வீணாகக்கூடாது என்று அதையும் கோபத்தோடு சாப்பிட்டேன்.

ஜூலை 22, செவ்வாய்

இதை எழுதாவிட்டால் ரத்தக்குழாய் வெடித்துவிடும்.

கயிற்றுக்குப் பக்கத்தில் கம்பெனி ஒரு வாட்ச்மேனை உட்கார வைத்திருக்கிறது. எங்கள் ஊர் ஆள்தான், நாற்காலி, குடை, விசில் எல்லாம் கொடுத்திருக்கிறார்கள். வண்டி வந்தால் எழுந்து ஊதுகிறார். கயிற்றை ஒரு கம்பால் தூக்கிப் பிடிக்கிறார். வண்டி போனதும் இறக்கிவிடுகிறார். தொட்டுக் கும்பிட்ட கயிறு சுங்கச்சாவடி ஆகிவிட்டது. ஒரு சென்னைக் குடும்பம் கயிற்றுக்குக் கீழே நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டது. "டிரெடிஷன்" என்றார் அந்த அம்மாள், பிள்ளைகளுக்கு விளக்கி.

ஜெயக்கொடிக்கு நல்ல ஓட்டம். என்னையும் கூப்பிட்டார்கள். கிளட்ச் சரியில்லை என்று சொல்லிவிட்டேன்.

ஜூலை 24, வியாழன்

கிளட்ச் சரியில்லை.

ஜூலை 27, ஞாயிறு

நித்யாவோடு ஓரப் பாதையில் நடந்தேன். அவள் அளவெடுக்கப் போனாள், நான் முழங்காலுக்குப் பயிற்சி என்று போனேன். ஊத்துப்புல்லுக்கு என் காலால் ஏறிப் பல வருஷம் ஆயிற்று. நாலு இடத்தில் உட்கார்ந்தேன். நாலு இடத்திலும் ஷூ நாடாவைக் கட்டினேன். நான் போட்டிருந்தது செருப்பு.

மேலே போய்ப் பார்த்தால், ஊத்துப்புல் மேல் பச்சையாக ஒரு விரிப்பு. பிளாஸ்டிக் புல். நிஜப் புல்லில் உட்கார்ந்தால் உடுப்பு ஈரமாகிறதாம், அதனால் அதன் மேல் பொய்ப் புல்லை விரித்து மேஜை நாற்காலி போட்டிருக்கிறார்கள். பக்கத்துப் பலகையில் 'இயற்கையைத் தொடுங்கள்' என்று எழுதியிருந்தது.

நித்யா விரிப்பின் ஓரத்தைத் தூக்கிக் காட்டினாள். அடியில் புல் வெளுத்து, வெந்த கீரைபோல ஒட்டிக்கிடந்தது.

அப்புறம் டயர் தடங்களைக் காட்டினாள். ரெண்டு தடம், புல்வெளிக்கு நடுவே மேலிருந்து கீழே நேராக.

"பாருங்கப்பா. பெஞ்ச மழை உள்ள எறங்கணும். இப்ப இந்தத் தடத்துல விழுந்து வாய்க்கா மாதிரி ஓடிப் பள்ளத்துல கொட்டுது. ஒரு நாள்ல போயிருது. அப்ப பங்குனியில குழாய்ல என்ன வரும்?"

"இது இப்ப ஓடுற வண்டிங்க போட்டதும்மா" என்றேன்.

"இவ்ளோ ஆழத்துக்கா, ஒரு வாரத்துலயா?" என்றாள். பிறகு அதைப் பற்றிப் பேசவில்லை. நல்ல பிள்ளை. இறங்கும்போது கையைப் பிடித்துக்கொண்டாள், என் முழங்காலுக்காக.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

குழாயில் டீ நிறத்தில் தண்ணீர். இன்று ஊரே அதில்தான் துணி துவைத்தது. என் வெள்ளை வேட்டி காவி ஆகிவிட்டது. "சாமியாராப் போறதுன்னா சொல்லிட்டுப் போங்க" என்றாள் வீரலட்சுமி.

சடையாண்டி அண்ணனிடம் குடத்தைக் கொண்டுபோய்க் காட்டினேன். "மழைக்காலம்ல கொழந்த, கலங்கத்தான் செய்யும்" என்றார். அறுபது மழைக்காலம் பார்த்த மனிதர். ஒரு வருஷமும் கலங்கியதில்லை என்று அவருக்கே தெரியும். அடுத்த கிடா பத்தாம் தேதி வருகிறதாம், பதினைந்தாம் தேதிக் கூடாரங்களுக்காக. அதுவும் தெரியும்.

நித்யாவின் திட்டத்தை ஜீப் சங்கத்தில் படித்தார்கள். படித்தார்கள் என்றால் சிரித்தார்கள். கோயமுத்தூரில் ஒரு ஓட்டலில் அவளுக்கு வேலை தருகிறார்களாம். வரவேற்பில் நின்று வணக்கம் சொல்லும் வேலை. பதினாறாம் தேதிக்குள் பதில் சொல்ல வேண்டும். நல்ல வேலைதானே, போகட்டும். எனக்கு ஒன்றுமில்லை.

ஆகஸ்ட் 4, திங்கள்

தூக்கம் சரியில்லை. கிளட்ச்சும்.

ஆகஸ்ட் 6, புதன்

பூண்டு உரித்துக்கொண்டிருந்தோம், ஆமாம், நானும்தான். நித்யா அம்மாவிடம் கேட்டாள், "ஏம்மா, கிடா குடுத்தா மட்டும் தப்பு போயிருமா?"

"அது எப்பிடிப் போகும்? எங்க பெரியப்பா காளை ஒருதடவ உள்ள போயிருச்சு. கிடாவ அறுத்து, கூறு போட்டு, வெறுங்கால்ல வீடு வீடா அவரே சொமந்துட்டுப் போயி, 'பொறுத்துக்கங்க'ன்னு நின்னாரு. வாங்கிக்கிட்டா பொறுத்தாச்சுன்னு அர்த்தம். ஒரு வீடு வேணாம்னுட்டா முடிஞ்சுச்சு, எல்லா வீட்டுக் கூறும் திரும்பிரும். அந்த வருசம் அவருக்கு ஊத்துப்புல்லு இல்ல, ஊருல ஒருத்தரும் அவரு வேலைக்குப் போகக்கூடாது."

"ஒரே ஒரு வீடா?"

"ஒரே வீடு. வாசல்ல நின்னு கெஞ்சுறதுதான்டி தண்டன. கிடா சும்மா கையில இருக்கிறது. வெறுங்கையோட யாரு வீட்டு வாசல்ல போயி நிக்கிறது?"

நித்யா என்னைப் பார்த்தாள். "உங்களுக்கு இது தெரியுமாப்பா?"

கண்ணில் பூண்டு பட்டுவிட்டது. எழுந்துபோய்க் கழுவினேன். அதே டீத் தண்ணீரில்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

சடையாண்டி அண்ணனிடம் போய், இந்தத் தடவை மேனேஜரே நேரில் கொண்டுவந்து கொடுக்கட்டும், அதுதானே முறை என்றேன். கறி கிடைத்தால் சரி என்று ஒத்துக்கொண்டார். வேறு எதுவும் நான் சொல்லவில்லை. சொல்ல எதுவும் இல்லை.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

நடந்ததை அப்படியே எழுதுகிறேன். கத்திவிட்டேன், டாக்டர் மன்னிக்கவும்.

நிரஞ்சன் சார் பதினோரு மணி வாக்கில் வந்தார். பின்னால் வேன் ஊர்ந்து வந்தது. கையில் கண்ணாடித்தாள் கையுறை. காலில் பூட்ஸ். எங்கள் வீடு தெருக்கோடி என்பதால் கடைசி. அதற்குள் தெரு முழுக்க வெங்காயம் வதங்கும் வாசம்.

"அண்ணா, ஹேப்பி இண்டிபெண்டன்ஸ் டே. அட்வான்ஸ்தான்" என்று பையை நீட்டினார்.

"வேணாம் சார்."

"வெஜிடேரியனாண்ணா?"

தெருவே சிரித்தது. என் வயிற்றைப் பார்த்து யாரும் அந்தக் கேள்வியை இதுவரை கேட்டதில்லை.

"இல்ல சார். எங்க வீடு பொறுத்துக்கல. அதான் வேணாம்."

அவருக்குப் புரியவில்லை. சடையாண்டி அண்ணனுக்குப் புரிந்தது. வேகமாக வந்தார்.

"கொழந்த, யோசிச்சுப் பேசு. நீ திருப்புனா ஊரே திருப்பணும்."

"தெரியும்ணே."

"அடுப்புல இருக்கு மாமா" என்றான் ஜெயக்கொடி. கையில் கரண்டியோடு வந்திருந்தான். "மொதக் கிடாவுல ரெண்டு பங்கு தின்னீங்க. அப்ப இந்த ரோசம் எங்க போயிருந்துச்சு?"

நியாயமான கேள்வி. பதில் இல்லாதபோது நான் வழக்கமாகச் செய்வதைச் செய்தேன், சத்தம் போட்டேன்.

"ஆமாடா, தின்னேன். தின்ன வாயாலதான் சொல்றேன். அது ஒரு கிடா, ஒரு தப்புக்கு. இவங்க தெனமும் மிதிக்கிறாங்க. கயித்தத் தூக்கிவிட ஆளு. புல்லு மேல பிளாஸ்டிக் புல்லு. நம்ம புள்ளைங்க குடிக்கிறது சேறு. இதுக்குப் பேரு பசுமையாம், எழுதி ஒட்டியிருக்கு. சார், நீங்க குடுக்குறது அபராதம்னா செருப்பக் கழட்டிட்டு நில்லுங்க. வெலைன்னா ஊத்துப்புல்லு விக்கிறதுக்கு இல்ல. எடுத்துட்டுப் போங்க."

மூச்சு வாங்கியது. வீரலட்சுமி தண்ணீர் கொண்டுவந்தாள். அந்தத் தண்ணீரின் நிறத்தைத் தெருவே பார்த்தது. நான் திட்டம் போட்டுக் குடிக்கவில்லை, தாகம்.

நிரஞ்சன் சார் மெதுவாகக் கேட்டார். "ஒரு வீடுதானே? மத்த எல்லாரும் வாங்கிட்டாங்களே. மெஜாரிட்டி?"

"அப்பிடி இல்லைங்க" என்றார் சடையாண்டி அண்ணன். சொல்ல அவருக்கு மனசே இல்லை. ஆனாலும் சொன்னார்.

ஆகஸ்ட் 11, திங்கள்

கம்பெனி ஆபீஸ் வாசலில் ஒரு பெரிய அண்டா. ஊர்க்காரர்கள் வரிசையாக வந்து கொட்டினார்கள். பச்சையாகச் சிலர், மஞ்சள் தடவியதைச் சிலர், குழம்பாகச் சிலர். ஒவ்வொருவரும் என்னைத் திட்டிவிட்டுத்தான் போனார்கள். ஒருவரும் கொட்டாமல் போகவில்லை.

ஜெயக்கொடி கடைசியில் வந்தான். மிளகு போட்டுச் சுருள வறுத்திருந்தான். இருபதடி தூரத்துக்கு மணந்தது.

"எங்கக்கா புருசனாச்சேன்னு பாக்குறேன்" என்று கொட்டினான். "கறி அவங்க கறி. மொளகு என்னோடது. அத நீங்கதான் குடுக்கணும்."

வாட்ச்மேன் விசிலை மேஜைமேல் வைத்துவிட்டு வந்துவிட்டார். சமையலுக்கும் கூடாரத்துக்கும் போன நம்ம ஆட்களும் நின்றுவிட்டார்கள். நிரஞ்சன் சார் யார் யாருக்கோ போன் செய்தார். மேலிடத்தில் புகார் கொடுப்பாராம். கொடுக்கட்டும், அடுத்த வருஷம் வேறு ரூபத்தில் வருவார்கள் என்பதும் தெரியும்.

வீட்டில் ரசம்.

ஆகஸ்ட் 13, புதன்

ஜீப் சங்கத்தில் யாரும் என்னோடு பேசவில்லை. நான் தலைவர் என்பதால் கூட்டத்தை நானே நடத்தி நானே முடித்துக்கொண்டேன்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

கம்பெனிக் கூடாரங்கள் இல்லை. ஆனால் நித்யா முன்பே விளம்பரம் செய்திருந்த நடைக்குப் பன்னிரண்டு பேர் வந்துவிட்டார்கள். கீழ் ரோட்டில் கொண்டுவந்து இறக்கியது ஜெயக்கொடி. நான் இருப்பது தெரியாததுபோல, காற்றைப் பார்த்துச் சொன்னான்: "இங்க வரைக்கும்தான் வண்டி. மேல நடக்கணும். எங்க மருமக கூட்டிட்டுப் போகும்." அவர்கள் போன பிறகு, அதே காற்றிடம், "கிளட்ச் சரியாயிருச்சாமா?" என்று கேட்டுவிட்டு வண்டியைத் திருப்பினான்.

கடைசியில் வருகிறவர் குப்பை பார்த்துக்கொள்ள வேண்டுமாம். நான் எந்த வரிசையிலும் கடைசியில் வருகிறவன் என்பதால் சாக்கு என் கையில் வந்தது. நித்யா முன்னால் போனாள். எந்தச் செடி, எந்தப் பறவை, ஏன் உள்ளே போகக்கூடாது என்று சொல்லிக்கொண்டே போனாள். அவள் கோயமுத்தூர்க்காரர்களுக்கு என்ன பதில் சொன்னாள் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவாளே.

மேட்டில் ஏறியதும் மூட்டம் விலகியது. கீழே ஊத்துப்புல். எல்லாரும் நின்றுவிட்டார்கள். புல்வெளி நடுவே அந்த ரெண்டு தடத்திலும் மழைத்தண்ணீர் நிறைந்து, வானத்தின் வெளிச்சம் பட்டு, கோடு இழுத்ததுபோல மின்னிக்கொண்டு பள்ளத்தை நோக்கி ஓடியது.

என் பக்கத்தில் நின்ற ஈரோட்டுக்காரர் கையிலிருந்த சிப்ஸ் பாக்கெட்டைக் கீழே வைத்துவிட்டு, போனைத் தூக்கிப் படம் எடுத்தார்.

"எவ்ளோ அழகா இருக்குங்ணா. அந்த ரெண்டு வாய்க்கா யாருங்ணா வெட்டினது?"

முன்னால் நின்ற நித்யா திரும்பி என்னைப் பார்த்தாள்.

"அந்தச் சிப்ஸ் பாக்கெட்ட மொதல்ல எடுத்துப் பையில போடுங்க" என்றேன்.

கொஞ்சம் சத்தமாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. பன்னிரண்டு பேரும் அவரவர் பையைத் தடவிப் பார்த்தார்கள்.